முகூர்த்தத்துக்கு முன்னே அனுமதி

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சிறு வணிகர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலேசியத் திருநாட்டில் ஆலயம் எழுந்த இடமெல்லாம் அதனைச் சுற்றிக் கடைகளும் எழுந்தன. பூக்கடையும் மளிகைக் கடையும் உணவுக் கடையும் நகைக் கடையும் ஆலய மணியோசை கேட்கும் தொலைவிலேயே வளர்ந்தன. பினாங்கின் குயின் தெருவிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சிலும் இன்றும் அதனைக் காணலாம். இந்த நாட்டில் சொந்தமாக ஒரு கடை வைத்துவிட வேண்டும் என்பது பல தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் கனவு. அந்தக் கனவு கைகூடும் நேரத்தில் ஒரு தாளால் தடைபட்டு நிற்பதும் உண்டு. அந்தத் தாளைப் பற்றியதே இவ்வுரை.

கடையைப் புதுப்பிக்கவும் மாற்றியமைக்கவும் பெற வேண்டிய அனுமதிகள் என்றவுடன் பலருக்கும் அலுப்புத் தோன்றும். "பணம் என்னுடையது, வாடகை நான் கட்டுகிறேன், சுவரை இடிக்க யாரைக் கேட்க வேண்டும்?" என்று கேட்போர் உளர். அந்தக் கேள்விக்கு விடை காண ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஒரு சமையற்காரரின் கதை

முப்பது ஆண்டுகள் பிறருடைய உணவகத்தில் அடுப்படியில் நின்ற ஒரு சமையற்காரர். ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. சொந்தமாக ஒரு வாழையிலை உணவகம் திறக்க எண்ணுகிறார். துணிக்கடையாக இருந்த ஒரு கடைவீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்படுகிறார். மாத வாடகை 5,000 ரிங்கிட். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கட்டுகிறார். ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து, அழைப்பிதழையும் அச்சிட்டு விடுகிறார்.

குத்தகையாளர் ஒருவர் வருகிறார். "பெர்மிட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் அண்ணே, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பின்சுவர் இடிக்கப்படுகிறது. சமையலறை பின்சந்து வரை நீட்டப்படுகிறது. மூன்றாம் வாரம் நகராண்மைக் கழக அமலாக்க அதிகாரிகள் வருகின்றனர். வேலையை நிறுத்தும்படி அறிக்கை ஒட்டப்படுகிறது. குத்தகையாளரின் தொலைபேசி அன்றுமுதல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை.

துணிக்கடையை உணவகமாக மாற்றுவதற்கு ஒப்புதல் கேட்கப்படவில்லை. சுவரை இடிக்க வரைபடம் கொடுக்கப்படவில்லை. பின்சந்து பொது நிலம். நீட்டிய சமையலறையை அவரே தம் செலவில் இடித்து, பழைய சுவரை மீண்டும் எழுப்ப வேண்டியதாயிற்று. நான்கு மாதம் கடை திறக்கவில்லை. ஆனால் நான்கு மாத வாடகையாக 20,000 ரிங்கிட் போயிற்று. ஆவணி முகூர்த்தமும் கடந்து போயிற்று.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும், இந்த அவையில் அமர்ந்திருப்போருள் ஒவ்வொருவருக்கும் இவரைப் போன்ற ஓர் உறவினரோ நண்பரோ நினைவுக்கு வரக்கூடும். இவர் சோம்பேறி அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லாத ஒருவர். அவ்வளவே.

விதி ஏன் பிறந்தது?

அனுமதி என்பது அலுவலகங்கள் கட்டணம் வாங்குவதற்காக ஏற்படுத்தியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கட்டட விதிகளின் வரலாற்றைப் பார்த்தால், பல விதிகளுக்குப் பின்னால் ஒரு துயரம் நின்றுகொண்டிருக்கும்.

தென்கொரியாவின் தலைநகர் சியோலில் சாம்பூங் என்னும் பேரங்காடி இருந்தது. முதலில் வேறு பயன்பாட்டுக்கென வரையப்பட்ட கட்டடம் அது. பின்னர் அங்காடியாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்துக்கு உடன்படாத கட்டுமான நிறுவனம் விலக்கப்பட்டது. மின்படிக்கட்டு அமைப்பதற்காகத் தூண்கள் குறைக்கப்பட்டன. ஐந்தாவது மாடி கூடுதலாக எழுப்பப்பட்டு, அதில் உணவகங்கள் இடம்பெற்றன. 1995 ஜூன் 29ஆம் நாள் அக்கட்டடம் இடிந்து வீழ்ந்தது. மாண்டோர் 502 பேர். கட்டட உரிமையாளரும், கையூட்டுப் பெற்று அனுமதி வழங்கிய அலுவலர்களும் சிறை சென்றனர். நிலநடுக்கம் எதுவும் அங்கு நேரவில்லை. பயன்பாடு மாறியது, சுமை கூடியது, தூண் மெலிந்தது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு தங்கும் பள்ளியில் தீ மூண்டது. மாணவரும் ஆசிரியருமாக 23 பேர் மாண்டனர். தீ எவ்வாறு மூண்டது என்பது நீதிமன்றம் ஆராய்ந்த செய்தி. ஆயின், வெளியேற வழியில்லாமல் போனது ஏன் என்ற கேள்விக்கு அந்நாளில் கிடைத்த விடை நெஞ்சை உறுத்துவது. மாநகர் மன்றத்திடம் கொடுக்கப்பட்ட வரைபடத்தில் திறந்த வெளியாகக் காட்டப்பட்ட மேல்தளத்தில், பின்னர் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. மற்றொரு வழியை அச்சுவர் அடைத்துவிட்டது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன.

ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப ஒரு நாள் வேலை போதும். சில நூறு ரிங்கிட் செலவாகலாம். அந்தச் சிறு வேலைக்கு ஏன் வரைபடம், ஏன் அனுமதி என்று கேட்போருக்கு அந்த 23 உயிர்களே விடை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

கடை திறக்க எண்ணுவோர் செய்ய வேண்டிய முதல் வேலை குத்தகையாளரைத் தேடுவது அன்று, கேள்வி கேட்பது. அதுவும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்பது.

முதற்கேள்வி: அந்த இடத்தின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு யாது? 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதையும் மேம்பாடு என்றே கருதுகிறது. ஆகவே ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், குடியிருப்பு வீட்டை அலுவலகமாக்கவும் கிடங்கை உணவகமாக்கவும் திட்டமிடல் அனுமதி வேண்டியிருக்கும். கோலாலம்பூரில் இதற்கென 1982ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசச் சட்டம் தனியே உண்டு. நிலப்பட்டாவில் எழுதப்பட்டுள்ள நிபந்தனையையும் படித்துப் பார்த்தல் வேண்டும். வேளாண் நிலம் என்று எழுதப்பட்ட இடத்தில் கட்டடம் இருக்கிறது என்பதாலேயே கடைக்கு உரிமம் கிடைத்துவிடாது.

இரண்டாம் கேள்வி: கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் உண்டா? 2007க்கு முன்னர் ஊராட்சி மன்றங்கள் வழங்கிய தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, அவ்வாண்டு முதல் கட்டடக் கலைஞர் போன்ற பொறுப்பு வல்லுநர்கள் வழங்கும் நிறைவு, இணக்கச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. இரண்டில் ஒன்று இருத்தல் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: மன்றத்தில் உள்ள வரைபடமும் கண்ணெதிரே உள்ள கட்டடமும் ஒன்றாக இருக்கின்றனவா? இக்கேள்வியைக் கேட்போர் மிகக் குறைவு. முன்பிருந்தவர் அனுமதியின்றிக் கட்டிய சாய்ப்பும் இடைத்தளமும் புதிய வாடகையாளரின் தலையில் விழும். "நான் கட்டவில்லையே" என்ற விடை உரிமத்தைப் பெற்றுத் தராது.

நான்காம் கேள்வி: உரிமையாளர் எழுத்து மூலம் ஒப்புதல் தருவாரா? கட்டட வரைபடம் பொதுவாக உரிமையாளரின் கையொப்பத்துடனேயே போக வேண்டும். அடுக்குமாடி வணிக வளாகம் என்றால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிர்வாகக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

இந்நான்கும் தெளிவான பிறகு, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். உரிமம் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் செல்லாது, முன்பணம் திருப்பித் தரப்படும் என்பதே அவ்வரி. சீரமைப்புக் காலத்துக்கு வாடகை விலக்கும் கேட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன சமையற்காரரின் ஒப்பந்தத்தில் இவ்விரண்டு வரிகள் இருந்திருந்தால், அவருடைய சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

யாரிடம், எதற்கு?

அடுத்தது வேலைக்கான அனுமதி. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டடம் எழுப்பலாகாது. மாற்றங்களும் சேர்ப்புகளும் இதில் அடங்கும். எவ்வாறு கட்ட வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் கூறுகின்றன. சாயம் பூசுவது, அலமாரி வைப்பது போன்ற வேலைகளுக்கு வரைபடம் தேவைப்படுவதில்லை. சுவரை அகற்றுவது, இடைத்தளம் போடுவது, படிக்கட்டை இடம் மாற்றுவது போன்றவற்றுக்குத் தேவைப்படும். எது சிறிய வேலை, எது பெரிய வேலை என்பதில் மன்றத்துக்கு மன்றம் நடைமுறை வேறுபடுவதால், கட்டடப் பிரிவின் முகப்பிலேயே முதலில் கேட்டறிவது நல்லது.

வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ, சிறிய கட்டடமாயின் பதிவு பெற்ற கட்டட வரைவாளரோ சமர்ப்பிக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவு என்று எண்ணுவது தவறு. கடைவீடுகளில் இரு கடைகளுக்கு இடையே உள்ள சுவர் பொதுவானது. பழைய கட்டடங்களில் மேல்தளத்தின் மரச்சட்டங்கள் அச்சுவரின்மீதே அமர்ந்திருக்கும். எந்தச் சுவர் சுமை தாங்குகிறது, எது வெறும் தடுப்பு என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். மாடியில் சமையலறை வைத்து, தண்ணீர்த் தொட்டியும் மாவரைக்கும் இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் ஏற்றுவோர் இக்கணக்கை ஒருமுறையேனும் பொறியாளரிடம் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

குத்தகையாளரும் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். மின்சார வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைத்தல் வேண்டும். துணிக்கடைக்குப் போதுமான மின்னிணைப்பு, பெரிய அடுப்பும் குளிர்சாதனமும் வைக்கும் உணவகத்துக்குப் போதாது.

தீயணைப்பு மீட்புத் துறையின் ஆதரவுக் கடிதத்தையும் பல மன்றங்கள் கேட்கின்றன. 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டத்தில் குறிக்கப்பட்ட வகைக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தீப் பாதுகாப்புச் சான்றிதழும் உண்டு. சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் அச்சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வெளியேறும் வழி எல்லாக் கடைக்கும் தேவை. வெளியேறும் கதவு சாவியோ தனித்திறனோ இன்றி உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்று கட்டடத் துணைவிதி கூறுகிறது. திருடருக்கு அஞ்சிப் பின்கதவில் இரும்புக் கிராதியும் அதில் பூட்டும் போட்டு, சாவியை முதலாளி வீட்டுக்கு எடுத்துச் செல்வது பல கடைகளில் வழக்கம். மேல்மாடியில் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருப்பர். அந்தப் பூட்டைப் பற்றி இன்றிரவே எண்ணிப் பார்ப்பது நன்று. தொழிலாளரைத் தங்க வைக்கும் இடத்துக்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழும் தேவை. கடைமாடி என்பதால் அது தானாகவே தங்குமிடம் ஆகிவிடாது.

உணவுக் கடையாயின் மேலும் சில உண்டு. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி கடையைச் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டியைச் சமையலறையில் அமைக்க வேண்டும். அத்தொட்டியை வேலை முடிந்த பிறகு நினைத்துக்கொண்டால், புதிதாகப் பதித்த தரையை மீண்டும் உடைக்க நேரும்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருப்போர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பழைய பகுதி உலக மரபுடைமைத் தலம். அங்குள்ள லிட்டில் இந்தியாவில் முகப்பை மாற்றுவதற்கும் கூரையை மாற்றுவதற்கும் மரபுடைமை நெறிகளும் சேர்ந்து பார்க்கப்படும்.

பெயர்ப்பலகையும் உரிமமும்

பெயர்ப்பலகைக்கும் தனி அனுமதி உண்டு. தேசிய மொழி முதன்மையாகவும் தெளிவாகவும் இடம்பெற வேண்டும். சொற்கள் சரியானவை என்பதை டேவான் பஹாசா டான் புஸ்தாகா உறுதிப்படுத்த வேண்டும். தமிழ் எழுத்துக்கும் இடம் உண்டு. அளவும் அமைப்பும் விதிக்கு உட்பட்டிருந்தால் போதும். தமிழில் எழுதினால் அபராதம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தாய்மொழியையே பலகையிலிருந்து நீக்கிவிடும் வணிகர்கள், மன்றத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

எல்லாம் முடிந்து கிடைக்கும் வணிக உரிமமும் சொத்துப் பத்திரம் அன்று. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் உரிமத்தை மன்றம் எந்நேரத்திலும் காரணம் கூறாமலே மீட்டுக்கொள்ளலாம். அதற்கு இழப்பீடும் கிடையாது. ஆகவே, கடை திறந்த பின்னரும் ஐந்தடிப் பாதையில் மேசை போடாமல், பின்சந்தில் பாத்திரம் கழுவாமல் இருப்பது உரிமத்தைக் காக்கும் வழியாகும்.

குறுக்கு வழியின் விலை

"ஓர் ஆளைப் பிடித்தால் வேலை விரைவில் முடியும்" என்ற பேச்சு எங்கும் உண்டு. வரைபடத்தை முறையாகக் கொண்டு சேர்க்கும் வல்லுநர் வேறு. கையில் பணம் வாங்கிக்கொண்டு "மேலிடத்தில் கொடுக்க வேண்டும்" என்று கூறும் தரகர் வேறு. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்குபவர் மட்டுமன்றிக் கொடுப்பவரும் குற்றவாளியே. அவ்வாறு பணம் கொடுத்தோர் கையில் பெரும்பாலும் ரசீதும் இருப்பதில்லை, அனுமதியும் இருப்பதில்லை.

தாமதம் உண்மையிலேயே உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரே அலுவலகத்தில் இருவர் இருவேறு பதில் கூறுவதும், ஒரு தாளுக்காக மூன்று முறை நடக்க நேர்வதும் வணிகர்களின் நியாயமான குறை. அதனைக் குறைக்கும் நோக்குடனேயே 2007ஆம் ஆண்டு முதல் ஊராட்சி மன்றங்களில் ஒரே நிலைய மையங்கள் அமைக்கப்பட்டன. பல மன்றங்களில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் தேதியுடன் எழுதி வைத்தல், விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்தல், மறுப்பு என்றால் காரணத்தை எழுத்து மூலம் கேட்டல் ஆகிய மூன்றும் குறுக்கு வழியைவிட வலிமையானவை. மலாய் மொழியில் கடிதம் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு, படித்த பிள்ளைகள் அரை மணி நேரம் ஒதுக்கினால் அதுவே பெரும் தொண்டு.

முகூர்த்தம் எப்பொழுது?

தமிழர் கடை நல்ல நாள் பார்க்காமல் திறக்கப்படுவதில்லை. அது மரபு, போற்றத்தக்கது. ஆயினும், முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டு அனுமதியை அதற்குள் அடக்க முயலும்போதுதான் அவசரம் பிறக்கிறது. அவசரத்தில் சுவர் இடிக்கப்படுகிறது. அவசரத்தில் தரகர் நுழைகிறார். பஞ்சாங்கத்தில் நல்ல நாள்கள் பல உள. அனுமதி கையில் வந்த பிறகு, அடுத்து வரும் நல்ல நாளைக் குறித்துத் தருமாறு குருக்களைக் கேட்டால், அவரும் மகிழ்ந்து குறித்துத் தருவார்.

கணபதி ஹோமம் வளர்க்கும்போதும் சிறிது கவனம் வேண்டும். வளாகக் கடைகளில் புகையுணர் கருவியும் நீர்தெளிப்பானும் இருக்கும். முன்கூட்டியே நிர்வாகத்திடம் தெரிவித்து, ஹோம குண்டத்தை உரிய இடத்தில் வைத்து, தீயணைப்புக் கருவியை அருகில் வைத்துக்கொண்டால், வழிபாடு தடையின்றி நிறைவேறும்.

இவ்விதிகளுக்கு ஆலயங்களும் விலக்கல்ல. அன்னதானக் கூடம் நீட்டுவதும், மண்டபத்துக்குக் கூரை போடுவதும், திருமண மண்டபத்தில் மேடையை மாற்றுவதும் கட்டட வேலைகளே. பக்தர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் வெளியேறும் வாயில்கள் திறந்திருக்க வேண்டியது கடையைவிடவும் இன்றியமையாதது. ஆலயம் முறைப்படி வரைபடம் கொடுத்து அனுமதி பெற்றால், சுற்றியுள்ள வணிகர்களுக்கும் அது முன்மாதிரியாகும்.

அந்தச் சமையற்காரர் ஐந்தாம் மாதம் தம் கடையைத் திறக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். தை மாதத்தில் ஒரு நல்ல நாள். வாசலில் மாவிலைத் தோரணம். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய உரிமம். பின்கதவில் பூட்டு இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ் மட்டுமே. முதல் பந்தியில் அமர்ந்தோர் அந்தக் கதவைக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு என்றும் நேராமல் இருக்கட்டும். ஆனால் அவர் கவனித்திருக்கிறார். தம்மிடம் உண்ண வருவோரின் உயிருக்கு ஒரு முதலாளி செலுத்தும் முதல் மரியாதை அதுவே.

கடைகள் பெருகுக! வணிகம் தழைக்க! அனைவரும் நலமுடன் வாழ அம்பாள் அருள் துணை நிற்க!